சேகோ ஆலைக் கழிவுநீர்க் குழிக்கென்றே ஒரு பாக்டீரியாவை வடிவமைக்க முடியுமா?

குழியோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். பெரியப்பா சின்னதாக ஒரு சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருக்கிறார். சீசன் தொடங்கிவிட்டால் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வந்து இறங்கும். கழுவி, தோல் உரித்து, அரைத்து, பால் வடிகட்டித் தொட்டியில் தெளிய விடுவார்கள். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தண்ணீரைத் திறந்துவிட்டால் அது வாய்க்கால் வழியாக மூன்று குழிகளுக்குப் போகும். முதல் குழியில் மோர் மாதிரி வெளுப்பாக இருக்கும், இரண்டாவதில் சாம்பல் நிறம், மூன்றாவதில் கறுப்பு. நாற்றம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டுக் கிணறு மூன்றாவது குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில்தான் குடித்தோம். இப்போது அம்மா அந்தத் தண்ணீரில் பாத்திரம்கூடக் கழுவுவதில்லை, வாளியில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேலே பழுப்பாக ஏடு கட்டுகிறது. சொந்தக் குடும்பத்துக் குழி என்பதால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பாடத்தில் செயற்கை உயிரியல், அதாவது உயிரியின் மரபணுக்களை நாமே வடிவமைத்து எழுதுவது, வந்தபோது எனக்கு இந்தக் குழிதான் நினைவுக்கு வந்தது. கிழங்கில் சயனைடைக் கட்டி வைத்திருக்கிற லினாமரின் என்கிற பொருள் இருக்கிறது, அரைக்கும்போது உடைந்து சயனைடு வருகிறது, அது தண்ணீரோடு குழிக்குப் போகிறது. சூடோமோனாஸ் புட்டிடா என்கிற மண் பாக்டீரியாவை எடுத்து, பேசில்லஸ் பூமிலஸ் என்கிற இன்னொரு பாக்டீரியாவிலிருந்து சயனைடை உடைக்கும் நொதியின் மரபணுவையும், ஸ்டார்ச்சைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஒன்றையும் சேர்த்துவிட்டால் குழியில் விட்டு எல்லாவற்றையும் ஒரே பாக்டீரியாவால் சுத்தம் செய்துவிடலாம் இல்லையா? ஆய்வுத் திட்டமாகவே எழுதித் தரலாம் என்று இருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லை, மொத்தமாக ஒரு புது பாக்டீரியாவையே எழுதிவிட முடியும் என்கிறார்களே, அது இதற்கு உதவுமா?

பெட்ரித்தட்டு பதில்:

நல்ல கேள்வி தங்கச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 2010-இல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வெண்டரின் குழு சுமார் 10.8 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள, மைக்கோபிளாஸ்மா என்கிற மிகச் சிறிய பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பை வேதிமுறையில் செய்து, இன்னொரு இனத்தின் செல்லுக்குள் வைத்து ஓட்டிக் காட்டியது. 2016-இல் அதையே சுருக்கி 473 மரபணுக்களில் நிறுத்தினார்கள், அதில் 149 என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கே அப்போது புரியவில்லை. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த உயிரி சீரம் கலந்த ஊட்டமான ஊடகத்தில் ஒரே வெப்பநிலையில் வளர்க்கப்படுகிற செல்லப் பிள்ளை. உங்கள் இரண்டாவது குழியில் ஒரு நாள் தாங்காது. சுருக்கும்போது தூக்கிப் போட்டதில் வசதி குறைந்த இடத்தில் பிழைக்க உதவுகிற மரபணுக்களும் உண்டே. புட்டிடாவின் தொகுப்பு 60 லட்சம் எழுத்துக்கு மேல் இருப்பதற்கும் அதுதான் காரணம், மண்ணில் வாழ்கிற உயிரிக்கு ஆயிரம் பிரச்சினை. அதனால் குழிக்கென்று வடிவமைக்கிறவர்கள் வெறும் தாளிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

இப்போது புட்டிடாவுக்கு வருவோம். அதற்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். இரண்டாவது குழி கறுக்கத் தொடங்குகிறது என்றாலே அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது அமிலம். கிழங்குத் தண்ணீர் புளிக்கும்போது பிஎச் 4, 4.5 என்று இறங்கிவிடும், புட்டிடாவுக்கு நடுநிலைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சௌகரியம். மூன்றாவது, அதற்கு ஸ்டார்ச் தின்னத் தெரியாது. நீங்கள் அமிலேஸ் கொடுக்கலாம், ஆனால் அமிலேஸ் செல்லுக்கு வெளியே போய் வேலை செய்கிற நொதி. உடைத்த சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கிற லாக்டிக் பாக்டீரியா (தயிரைப் புளிக்கவைக்கிற வகை) முதலில் எடுத்துக்கொண்டு போய்விடும், உங்கள் பாக்டீரியாவுக்குச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

லாக்டிக் பாக்டீரியா என்றேன் இல்லையா, உங்கள் முதல் குழியின் உண்மையான குடித்தனக்காரர்கள் அவர்கள்தான். சயனைடு ஏன் விஷம்? மூச்சுவிடுகிற சங்கிலியின் கடைசி நொதியைப் போய்ப் பூட்டிவிடுகிறது. லாக்டிக் பாக்டீரியா அந்தச் சங்கிலியை நம்பிப் பிழைப்பதில்லை, புளிக்கவைத்தே சக்தி எடுத்துக்கொள்கிறது, அதனால் சயனைடு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆப்பிரிக்காவில் காங்கோவில் ஊறவைத்த மரவள்ளியிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் ஏ6 என்கிற இனம் ஸ்டார்ச்சைத் தானே உடைக்கும், லினாமரினையும் உடைக்கும். யாரும் வடிவமைக்கவில்லை, கிழங்கு ஊறுகிற பானைதான் அதைத் தேர்ந்தெடுத்தது. உங்கள் பெரியப்பா குழியிலும் அதன் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சயனைடு பற்றி ஒரு விஷயம், இது பாடத்தில் விட்டுப்போகிற இடம். லினாமரின் உடைந்ததும் நேராகச் சயனைடு வருவதில்லை, நடுவில் அசிட்டோன் சயனோஹைட்ரின் என்று ஒன்று இருக்கிறது. பிஎச் 5-க்குக் கீழே அது கலையாமல் உட்கார்ந்திருக்கும், அதற்கு மேலே போனால் தானாகவே உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அந்த ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி. நம் ஊர் வெயிலில் திறந்து கிடக்கிற ஆழமில்லாத குட்டையிலிருந்து அது காற்றில் போய்விடும். ஆக உங்கள் குழியில் எந்த இடத்தில் எந்த வடிவத்தில் எவ்வளவு சயனைடு நிற்கிறது என்று அளக்காமல் மரபணுவைத் தேர்ந்தெடுக்க முடியாது. லினாமரின், சயனோஹைட்ரின், கட்டற்ற சயனைடு, சேற்றில் இரும்போடு கட்டிக்கொண்டது என்று நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். நான்குக்கும் நான்கு வைத்தியம்.

கிணற்றுக்கு வருவோம். பழுப்பு ஏடு சயனைடின் அடையாளம் இல்லை. குழியிலிருந்து கரைந்த மாவுச்சத்தும் அமிலமும் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மண்ணில் உள்ள இரும்பைக் கரைய வைக்கும், அந்தத் தண்ணீர் வாளியில் காற்றைத் தொட்டதும் இரும்பு திரும்பத் துருவாக மேலே படியும். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. இது நான் சொல்வதை நம்புவதற்கு இல்லை, ஆய்வகத்தில் இரும்பும் சயனைடும் இரண்டையும் சோதித்துவிடுங்கள், அதுவரை அம்மா செய்வதுதான் சரி.

கிழங்குமண்டி பதில்:

ஏம்மா கண்ணு, நான் தலைவாசல் பக்கம் ஆலை வைத்திருக்கிறேன், படிப்பு பத்தாவதோடு சரி, அதனால் மரபணு விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. குழி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் மூன்று குழி என்று ஒரே மாதிரி சொல்கிறீர்கள். ஒரு நாளைக்குள்ளேயே அது மாறும். காலையில் கிழங்கு கழுவுகிற தண்ணீர் வரும், அதில் மண்ணும் தோலும்தான். தொட்டி திறக்கிற நேரத்தில்தான் அந்தப் பால் தண்ணீர் வரும். முள்ளுவாடிக் கிழங்கு ஒரு மாதிரி, எச்-226 இன்னொரு மாதிரி, கசப்பு கூடக் குறைய இருக்கும். வெட்டி இரண்டு நாள் கிடந்த கிழங்கு வந்தால் தண்ணீரே வேறு வாசம். அப்புறம் சீசன் முடிந்தால் குழி மாதக்கணக்கில் காயும், அடியில் சேறு வெடித்துக் கிடக்கும், மறுபடி முதல் லோடு வந்ததும் ஒரே நாளில் நிரம்பும். நீங்கள் விடுகிற பூச்சி அந்த வறட்சியைத் தாண்டுமா என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்கி ஊற்ற வேண்டும் என்றால் என்னை மாதிரி ஆள் வாங்க மாட்டான்.

எங்கள் ஆலையில் முதல் குழியை மூடிச் சாண எரிவாயு மாதிரி செய்துவிட்டோம். தொடக்கத்தில் சாணக் கரைசல் ஊற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடச் சொன்னார்கள். நான் அவசரப்பட்டு முழு வாய்க்காலையும் திருப்பிவிட்டேன். மூன்றாம் நாள் வாயு நின்றுவிட்டது, தண்ணீர் புளித்த கூழ் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் போட்டு, திரும்பச் சாணம் ஊற்றி, இந்தத் தடவை பொறுமையாக ஏற்றினோம். பிடித்துக்கொண்டது. இப்போது ஜவ்வரிசி வறுக்கிற அடுப்புக்கு அந்த வாயுதான், விறகுச் செலவு நன்றாகக் குறைந்தது. நாற்றமும் பாதிக்கு மேல் போய்விட்டது. பெரியப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேரில் பார்க்கட்டும். நம் ஆட்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், பக்கத்து ஆலையில் ஓடுவதைப் பார்த்தால் கேட்பார்கள்.

குழியோரம் எழுதியது:

ஐயா, கண்டிப்பாக வருகிறோம். வறட்சியை நான் யோசிக்கவே இல்லை. பெட்ரித்தட்டு அண்ணா, ஒரு சந்தேகம். கிழங்குத் தண்ணீரில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் குறைவு. பூமிலஸ் நொதி சயனைடை ஃபார்மேட்டாகவும் அம்மோனியாவாகவும் உடைக்கிறது. அந்த அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் உணவாகிவிட்டால், மரபணுவை வைத்திருக்கிற செல்தானே நன்றாக வளரும்? குழியே அந்த மரபணுவைக் காப்பாற்றிக் கொடுக்காதா? அப்படியானால் லாக்டிக் பாக்டீரியாவுக்குள் அதை வைத்துவிடலாமே.

பெட்ரித்தட்டு பதில்:

இதை நீங்களே யோசித்தீர்கள் என்றால் உங்கள் திட்டத்தில் மிக நல்ல பகுதி இதுதான். ஆன்டிபயாட்டிக் கொடுத்து மரபணுவைப் பிடித்து வைப்பதைவிட, அந்த வாழிடத்தில் இருக்கிற பசியே பிடித்து வைக்கட்டும் என்கிற எண்ணம். சயனைடை நைட்ரஜனாக எடுத்து வளர்கிற சூடோமோனாஸ் இனங்களை ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள்.

ஆனால் லாக்டிக்கில் அது பலிக்காது. அவர்களுக்கு அம்மோனியா கொடுத்தால் போதாது, லியூசின், வேலின் மாதிரி பல அமினோ அமிலங்களை வெளியிலிருந்தே எடுத்தாக வேண்டியவர்கள். உங்கள் மரபணு அவர்களுக்குச் சுமையாக மட்டும் இருக்கும், சில நூறு தலைமுறையில் கழித்துவிடுவார்கள், அவர்களுக்குச் சில நூறு தலைமுறை என்பது ஒரு சீசனுக்குள் முடிகிற கதை. இன்னொன்று, பூமிலஸ் நொதிக்குப் பிஎச் 8 பக்கத்தில்தான் முழு வேகம். வெளியே 4 இருக்கும்போது லாக்டிக் செல்லுக்குள் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றாலும் அந்த அளவுக்கு இருக்காது. நல்ல நொதியைத் தவறான வீட்டில் குடிவைக்கிற மாதிரி. அம்மோனியாவும் செல்லுக்குள்ளேயே நிற்காது, கசிந்து அக்கம்பக்கத்தில் மரபணு இல்லாதவர்களுக்கும் போகும், அந்த நஷ்டத்தையும் கணக்கில் வையுங்கள்.

அதனால் ஒரே பாக்டீரியா என்கிற எண்ணத்தை விடுங்கள். கிழங்குமண்டி ஐயா சொன்ன மூடிய குழியில் மாவுச்சத்தை இருக்கிற கூட்டமே தின்று மீத்தேனாக்கட்டும். அமிலம் தீர்ந்து பிஎச் ஏறி வெளிவருகிற தண்ணீரை ஆழமில்லாத, காற்றுப்படுகிற கடைசிக் குட்டையில் விடுங்கள். சயனோஹைட்ரின் உடைவதும் பிஎச் ஏறிய பிறகுதான், மிச்சச் சயனைடு அங்கேதான் வெளியே வரும். உங்கள் நைட்ரஜன் யோசனைக்கு ஏற்ற இடமும் அதுதான், ஆனால் ஒரு நிபந்தனை. மூடிய குழியிலிருந்து வருகிற தண்ணீரில் அம்மோனியா ஏற்கெனவே நிறைய இருந்தால் சயனைடை எவரும் சீந்த மாட்டார்கள். அம்மோனியாவையும் அளந்து பாருங்கள்.

முதல் ஆறு மாதம் மரபணுவைத் தொடவே வேண்டாம். அந்தக் குட்டைச் சேற்றை எடுத்து, ஆய்வகத்தில் வழிகாட்டியின் மேற்பார்வையில், வாயுவை உறிஞ்சி வெளியேற்றுகிற புகைக்கூண்டுக்குள் வைத்து, சயனைடு மட்டுமே நைட்ரஜனாக இருக்கிற ஊடகத்தில் எவர் வளர்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஊடகத்தைக் காரத்தன்மையில் வைக்க வேண்டும், இறங்கினால் வாயு கிளம்பும். அங்கே கிடைக்கிற உள்ளூர்க்காரரிடம் ஏதாவது ஒன்று குறைந்தால், அந்த ஒன்றை மட்டும் சேர்ப்பதுதான் உங்கள் வடிவமைப்பு.

காப்பித்தோட்டம் பதில்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்திலும் அறுவடை நேரத்தில் பழத்தோல் உரித்த தண்ணீர் இதே மாதிரி புளித்து நாறும், சயனைடு கிடையாது, சர்க்கரையும் பெக்டினும்தான். கீழே ஆத்தூர்க் குழியில் பலித்தால் அதையே மேலே கொண்டுவந்து விட முடியுமா? தொட்டியில் சுண்ணாம்பு போட்டுத்தான் இப்போது சமாளிக்கிறோம்.

பெட்ரித்தட்டு பதில்:

முடியாது சார். நீங்கள் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், காப்பி அறுவடை நேரம் உங்களுக்குக் குளிர்காலம். கீழே 35 டிகிரியில் ஓடிப் பழகிய கூட்டம் மேலே மார்கழி ராத்திரியில் மந்தமாகிவிடும், மீத்தேன் செய்கிறவர்கள் அதிலும் சுகவாசிகள். உங்கள் தொட்டிச் சேற்றிலிருந்தே தொடங்குங்கள்.

விதி1989 பதில்:

எல்லோரும் உயிரியலைப் பேசிவிட்டீர்கள், நான் சட்டத்தையும் பூட்டையும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் தங்கச்சியின் கேள்வியில் "குழியில் விட்டு" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. திறந்த குழி மரபணு மாற்றிய உயிரியை விடுகிற இடமே இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ் 1989-இல் வந்த விதிகள் இருக்கின்றன. முதலில் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, அப்புறம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் மரபணு மாற்ற ஆய்வுக் குழு, சுற்றுச்சூழலில் விடுவதென்றால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. பெரியப்பாவின் சொந்த நிலம், சொந்தக் குழி என்பதெல்லாம் செல்லாது. மழை வந்தால் அந்தக் குழி வழிந்து வசிஷ்ட நதிக்குத்தானே போகும், அங்கிருந்து வெள்ளாறு, அங்கிருந்து கடல்.

உலக அனுபவத்தையும் பாருங்கள். இந்தியாவில் பிறந்த அமெரிக்க விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி எண்ணெய் தின்னும் சூடோமோனாஸைச் செய்தார், 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது, ஆனாலும் அந்த பாக்டீரியா கடலில் சிந்திய எண்ணெயின் மேல் பயன்பாட்டுக்கு வரவில்லை. நாஃப்தலீன் என்கிற மாசுப் பொருளைக் கண்டால் ஒளிர்கிற எச்கே44 என்கிற பாக்டீரியா இனத்தை 1996-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மண்ணில் விட்டார்கள், அதுவும் சுற்றிலும் அடைத்துக் கட்டிய பெரிய உருளைகளுக்குள் விட்டுக் கண்காணித்தார்கள்.

பூட்டு என்று நான் சொல்வது, தப்பித்தால் சாகிற ஏற்பாடு. குடல் நோய்க்காகச் செய்த லாக்டோகாக்கஸ் பாக்டீரியா ஒன்றில், டிஎன்ஏ கட்டத் தேவையான தைமிடினைச் செய்கிற மரபணுவையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் மருந்து மரபணுவை வைத்தார்கள், வெளியே தைமிடின் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அழகான யோசனை, ஆனால் உங்கள் குழியில் செத்த செல்களின் டிஎன்ஏ நிறையக் கிடக்கும், அதிலிருந்து தைமிடின் கிடைத்துக்கொண்டே இருக்கும், பூட்டு திறந்துகொள்ளும். அதற்குப் பதிலாக இயற்கையில் இல்லாத அமினோ அமிலம் ஒன்று இருந்தால்தான் பிழைக்கும் என்று ஈகோலை என்கிற குடல் பாக்டீரியாவை மாற்றி எழுதி 2015-இல் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. அது உறுதியான பூட்டு, ஆனால் அந்த அமினோ அமிலத்தைக் குழிக்கு நாள்தோறும் ஊற்றுகிற செலவை யார் ஏற்பது? வாழிடம் மாறினால் பூட்டும் மாற வேண்டும், இதைத் திட்டத்தில் தனி அத்தியாயமாகவே எழுதுங்கள். மரபணுவைப் பிளாஸ்மிட் என்கிற தனி டிஎன்ஏ வளையத்தில் வைக்காதீர்கள், செல்லின் முதன்மை டிஎன்ஏவான குரோமோசோமில் வையுங்கள், பிளாஸ்மிட் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவை அடையாளத்துக்காக விட்டுவைக்கவும் கூடாது.

குழியோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு பிஎச் தாளோடு போனேன். வாய்க்கால் முகத்தில் 6, முதல் குழி நடுவில் 4, இரண்டாவதிலும் 4-தான், மூன்றாவதன் ஓரத்தில் 7-க்குப் பக்கத்தில் வந்தது. அந்த ஓரத்தில் மட்டும் தண்ணீர் கறுப்பு மாறிப் பச்சையாக இருந்தது, ஆழம் முழங்காலுக்குக் கீழே. இத்தனை வருஷம் பார்த்த குழிதான், இப்படி மூன்று ஊராக இருக்கிறது என்று தெரியவில்லை.

திட்டத்தின் தலைப்பை மாற்றிவிட்டேன், "மூன்றாவது குட்டையில் சயனைடை நைட்ரஜனாக எடுக்கும் உள்ளூர் பாக்டீரியாக்கள்" என்று. வடிவமைப்பு இரண்டாம் பாகமாக, தாளில் மட்டும். வழிகாட்டி மேடத்திடம் கொடுத்திருக்கிறேன். பெரியப்பாவும் தலைவாசல் வர ஒத்துக்கொண்டார், வறுக்கிற அடுப்புக்கு வாயு என்றதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு கேள்வி பாக்கி. சயனைடு அளக்க மாதிரி எடுத்து சேலம் கொண்டுவர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். வழியிலேயே ஆவியாகிவிடாதா?

பெட்ரித்தட்டு பதில்:

ஆகும். அதனால் எடுத்த இடத்திலேயே காரமாக்கிவிட வேண்டும். மேடத்திடம் சொல்லி சோடியம் ஹைட்ராக்சைடு போட்ட, நிறம் பூசிய புட்டிகளை ஆய்வகத்திலேயே தயார் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், பிஎச் 12-க்கு மேல் ஏறிவிட்டதா என்று தாளில் பார்த்துவிட்டு, காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பஸ் வேண்டாம், யாராவது பைக்கிலோ காரிலோ கொண்டுவரட்டும். அடிச்சேற்றைக் கிளறும்போது குழியின் மேல் குனியாதீர்கள், நீளமான கழியில் கட்டிய டப்பாவால் எடுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்றுகொண்டு. தனியாகப் போகவே வேண்டாம், தம்பி கரையில் நிற்கட்டும். கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு புட்டி எடுத்துவிடுங்கள்.